அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல்கள், 1900 முதல் 1925 வரை: வேட்பாளரை நிறுத்தியது யார்?

முனீர்கா வாசகி எழுதியது:

வணக்கம். ஆர்.கே.புரத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, அரசமைப்பு நிர்ணய சபையின் விவாதங்களைச் சிறிது சிறிதாகப் படித்து வருகிறோம். சென்ற வாரம் 1949 மே 30, 31 ஆகிய நாள்களில் ஆளுநர் பதவியைக் குறித்து நடந்த விவாதத்துக்கு வந்து சேர்ந்தோம். மாகாண ஆளுநரை வயதுவந்தோர் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வல்லபபாய் படேல் தலைமையிலான குழு 1947 ஜூலையில் பரிந்துரைத்தது. சபையும் அதை ஏற்றது. 1948 வரைவில், சட்டமன்றம் தேர்ந்து அனுப்பும் நான்கு பெயர்களில் ஒன்றைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்ற மாற்று வழியும் சேர்ந்துகொண்டது. இறுதியில் பிரஜேஷ்வர் பிரசாத் கொண்டுவந்த திருத்தத்தின்படி இரண்டும் கைவிடப்பட்டு, நேரடி நியமனம் என்றே முடிவாயிற்று. சென்னையிலிருந்து சென்றிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் அந்தத் திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர்கள்.

இதைப் படித்து முடித்ததும் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டுவிட்டது. தேர்தல் வைத்திருந்தால் ராஜ்பவனில் மக்களின் மனிதர் ஒருவர் அமர்ந்திருப்பார் என்றார் ஒருவர். கட்சி மேலிடம் கைகாட்டும் ஆள்தான் அப்போதும் நின்றிருப்பார் என்றார் மற்றொருவர். அமெரிக்காவில் ஆளுநர்களை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், அந்நாட்டு அனுபவத்தை வைத்தே இதை ஆராயலாம் என்று முடிவு செய்தோம். குறிப்பாக 1900 முதல் 1925 வரையிலான காலத்தில் அங்கே வேட்பாளரை நிறுத்தியது யார், முடிவில் தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள், வென்ற பிறகு ஒருவரை இறக்க முடிந்ததா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்துக்கு உதவியாக இருக்கும்.

பழைய ராஜிந்தர் நகர் எழுதியது:

அம்மா, முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம். 'ஆளுநர்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு வெவ்வேறு பதவிகளுக்கு வைத்திருக்கிறோம். அமெரிக்க மாநில ஆளுநர் நம் முதலமைச்சரைப் போன்றவர். அவருக்கு மேலே அலங்காரத் தலைவர் எவரும் கிடையாது. துணைநிலை ஆளுநர் என்ற பெயரும் அப்படித்தான். தில்லியில் அது நியமனப் பதவி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அது வாக்குச்சீட்டில் இடம்பெறும் பதவி. எனவே, மக்கள் வாக்கைப் பெற்ற ஆளுநரும் மக்கள் வாக்கைப் பெற்ற முதலமைச்சரும் ஒரே கூரையின் கீழ் மோதிக்கொள்வார்கள் என்று 1949இல் எழுந்த அச்சத்துக்கு அமெரிக்காவில் நேரடியான எடுத்துக்காட்டுக் கிடைக்காது. ஆனால் மேலிடம் கைகாட்டும் ஆளைப் பற்றிய உங்கள் நண்பரின் ஐயத்துக்கு வேண்டிய அளவுக்குக் கிடைக்கும்.

1900ஆம் ஆண்டு வாக்கில் பெரும்பாலான மாநிலங்களில் வேட்பாளரை முடிவு செய்தது கட்சியின் மாநில மாநாடு. அதற்கு வரும் பிரதிநிதிகளை மாவட்டக் கூட்டங்கள் அனுப்பும். அந்தக் கூட்டங்களை உள்ளூர்ப் பிரமுகர்கள் கையில் வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ரயில்வே நிறுவனங்களோ, மரவியாபாரிகளோ, காப்பீட்டு நிறுவனங்களோ இருக்கும். பொதுத்தேர்தல் நாளில் மக்கள் செய்ததெல்லாம், இரண்டு மாநாடுகள் முன்பே முடித்துவைத்த இரண்டு பெயர்களில் ஒன்றைக் குறிப்பதுதான். விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் 1896இலும் 1898இலும் குடியரசுக் கட்சி மாநாட்டில் வேட்பாளர் ஆக முயன்று தோற்றவர். பிரதிநிதிகள் விலைபோய்விட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1900இல் ஒருவழியாக வேட்பாளர் நியமனமும் பெற்று, தேர்தலிலும் வென்றதும், மாநாட்டையே ஒழித்துவிட்டு, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே வாக்குச்சாவடியில் தேர்ந்தெடுக்கும் சட்டத்துக்காகப் பாடுபட்டார். 'பிரைமரி' என்று இன்று நாம் செய்தித்தாளில் படிக்கும் முறை இதுதான். 1903இல் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்கு 1904 நவம்பரில் மக்கள் பொது வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்தார்கள்.

இதிலுள்ள வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பிரைமரி 1906இல் முதன்முதலாக நடந்தபோது, செனட்டுக்குப் போய்விட்டிருந்த லா ஃபாலெட், ஆளுநர் பதவிக்கு இர்வின் லென்ரூட் என்பவரை முன்னிறுத்தினார். வாக்காளர்களோ அவரைத் தள்ளிவிட்டு, துணைநிலை ஆளுநராக இருந்து ஆளுநராகியிருந்த ஜேம்ஸ் டேவிட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். டேவிட்சன் நார்வேயில் பிறந்தவர். ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் நிறைந்த மாநிலம் அது. சட்டத்தைக் கொண்டுவந்தவரின் ஆளையே சட்டம் வீழ்த்தியது என்றால், அது ஓரளவேனும் உண்மையாக வேலை செய்தது என்றுதான் நான் கொள்கிறேன்.

கலிபோர்னியாவின் கதை இதைவிடக் கூர்மையானது. அந்த மாநிலத்தின் அரசியலைச் சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனம் பல்லாண்டுகளாக ஆட்டிவைத்தது. 1909இல் பிரைமரிச் சட்டம் வந்தது; 1910இல் ஹிராம் ஜான்சன் என்ற வழக்குரைஞர், அந்த நிறுவனத்தை அரசியலிலிருந்து வெளியேற்றுவேன் என்ற ஒரே முழக்கத்துடன் நின்றார். ரயிலை எதிர்த்துப் பேசுபவர் ரயிலிலேயே ஏறிச் செல்வது சரியாக இராது என்பதால், அன்றைய மண்சாலைகளில் மோட்டார் காரிலேயே மாநிலம் முழுவதும் சுற்றி வந்தார். பிரைமரியிலும் நவம்பர் தேர்தலிலும் வென்றார். அடுத்த ஆண்டே, மக்களே சட்டம் முன்மொழியும் உரிமை, பொது வாக்கெடுப்பு, பதவியிலிருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமை, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவை மாநில அரசமைப்பில் ஏறின.

மாநாட்டு முறையில் நல்லவரே வரமாட்டார் என்றும் நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் 1905இல் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் ஊழலைத் துருவி விசாரித்துப் புகழ்பெற்ற சார்லஸ் எவன்ஸ் ஹியூஸை, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் நெருக்குதலுக்கு இணங்கி, 1906 மாநாடுதான் வேட்பாளராக்கியது. அவரை எதிர்த்து நின்றவர் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். பணத்துக்கும் பத்திரிகைக்கும் குறைவில்லாதவர். ஹியூஸ் சுமார் 58,000 வாக்குகளில் வென்றார். அந்த ஆண்டு மாநிலம் முழுவதற்குமான பதவிகளில் அவருடைய கட்சியில் வென்றவர் அவர் ஒருவரே. மற்ற இடங்களில் எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவர்கள் அவருக்காக மட்டும் சீட்டில் கட்சி மாறிக் குறித்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நியூஜெர்சியில் 1910இல் நடந்தது இன்னும் சுவையானது. ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஜனநாயகக் கட்சிப் பெருந்தலை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வுட்ரோ வில்சனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேராசிரியர் சொன்னபடி கேட்பார் என்பது கணக்கு. வில்சன் சுமார் 49,000 வாக்குகளில் வென்றார். வென்ற கையோடு, ஸ்மித் செனட்டுக்குப் போக முயன்றபோது அவரை எதிர்த்து நின்று, ஜேம்ஸ் மார்ட்டீன் என்பவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும்படி செய்தார். 1911இல் பிரைமரிச் சட்டத்தையும் நிறைவேற்றினார். ஏணியில் ஏற்றிவிட்டவரின் காலை ஏணியாலேயே தட்டிவிட்டார் என்று நியூஜெர்சிக் கட்சிக்காரர்கள் நொந்துகொண்டிருப்பார்கள்.

மயூர் விகார் வழக்குரைஞர் எழுதியது:

முந்தைய பதிவில் வேட்பாளர் தேர்வைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். தகராறுகளைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தேர்தல் வழக்குகளைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

கென்டக்கியில் 1899 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வில்லியம் டெய்லருக்கு 193,714 வாக்குகளும், ஜனநாயகக் கட்சியின் வில்லியம் கோபெலுக்கு 191,331 வாக்குகளும் பதிவானதாகக் கணக்கிடப்பட்டது. வித்தியாசம் 2,383. கோபெலே முன்னின்று கொண்டுவந்த 1898ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம், முடிவை அறிவிக்கும் அதிகாரத்தை மூவர் வாரியம் ஒன்றிடம் கொடுத்திருந்தது. அந்த வாரியம் அவர் கட்சிக்காரர்களைக் கொண்டது. ஆயினும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லர் வென்றார் என்றே அறிவித்தது. டெய்லர் டிசம்பரில் பதவியேற்றார். கோபெல் சட்டமன்றத்தில் முறையிட்டார். அங்கே அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. முடிவு வருவதற்கு முன்பே, 1900 ஜனவரி 30 அன்று ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சட்டமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்துவந்த கோபெல் சுடப்பட்டார். டெய்லர் படையை அழைத்து, சட்டமன்றத்தை வேறோர் ஊரில் கூடச் சொன்னார். ஜனநாயகக் கட்சியினர் விடுதி ஒன்றில் கூடி, கோபெலே ஆளுநர் என்று அறிவித்தார்கள். மரணப் படுக்கையில் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். பிப்ரவரி 3 அன்று அவர் இறந்தார். அமெரிக்காவில் பதவியில் இருக்கும்போது கொலையுண்ட மாநில ஆளுநர் அவர் ஒருவரே.

சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. சில காலம் இரண்டு அரசுகள் எதிரெதிரே நின்றன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, 1900 மே மாதத்தில் அந்நீதிமன்றம் இது மாநிலத்துக்குள் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று கூறித் தலையிட மறுத்தது. கோபெலுடன் துணைநிலை ஆளுநராக அறிவிக்கப்பட்டிருந்த பெக்கம் ஆளுநராக நிலைத்தார். டெய்லர் இண்டியானா மாநிலத்துக்குத் தப்பிப் போனார்.

கொலராடோவில் துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் நியாயம் அதைவிடக் கோணலாகப் போயிற்று. அங்கே கிரிப்பிள் கிரீக் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தைப் படையைக்கொண்டு ஒடுக்கியவர் ஆளுநர் ஜேம்ஸ் பீபடி. 1904 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆல்வா ஆடம்ஸ் அவரை வென்று, 1905 ஜனவரியில் பதவியேற்றார். டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சியினர் கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்று குடியரசுக் கட்சி முறையிட்டது. சுரங்க முதலாளிகள் தொழிலாளர்களை மிரட்டி வாக்களிக்க வைத்தார்கள் என்று மறுதரப்பு சொன்னது. தீர்ப்புச் சொல்லும் இடம் சட்டமன்றம். அதில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு. அவர்களிலேயே பலருக்குப் பீபடியைப் பிடிக்கவில்லை. ஆகவே மார்ச் நடுவில் ஓர் ஏற்பாடு நடந்தது. ஆடம்ஸை இறக்கிவிட்டுப் பீபடியை வென்றவராக அறிவித்தார்கள்; உடனே பதவி விலகுவதாக முன்பே உறுதி கொடுத்திருந்த பீபடி விலகினார்; துணைநிலை ஆளுநர் ஜெஸ்ஸி மெக்டொனால்ட் ஆளுநரானார். ஒரு நாள் பொழுதுக்குள் மூன்று ஆளுநர்கள். மூன்றாமவர் அந்தப் பதவிக்கு ஒரு வாக்குக்கூடப் பெற்றவரல்லர்.

அரிசோனாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1916 தேர்தலில் தாமஸ் கேம்பல் வெறும் 30 வாக்குகளில் ஜார்ஜ் ஹண்டை வென்றதாக அறிவிப்பு வந்தது. ஹண்ட் அலுவலகத்தைக் காலி செய்ய மறுத்தார். மாநில உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை கேம்பல் ஆளட்டும் என்றது. 1917 டிசம்பரில், ஹண்டே 43 வாக்குகளில் வென்றவர் என்று தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ ஓராண்டு ஆண்ட கேம்பல் கிறிஸ்துமஸ் நாளில் வெளியேறினார். மூன்றிலும் இதில்தான் வாக்குச்சீட்டுகள் உண்மையில் எண்ணப்பட்டுத் தீர்ப்பு வந்தது. சட்டமன்றத்திடம் தேர்தல் வழக்கை ஒப்படைத்தால் பெரும்பான்மைதான் தீர்ப்பாகும் என்பதற்குக் கென்டக்கியும் கொலராடோவும் போதும்.

முனீர்கா வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கொலராடோ கதையை எங்கள் கூட்டத்தில் சொன்னால் எவரும் நம்பப்போவதில்லை. எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. பழைய ராஜிந்தர் நகர் ஐயா 'வாக்காளர்களே' என்று பலமுறை எழுதுகிறார். அந்த வாக்காளர்கள் யார் யார்? பெண்களும் கறுப்பினத்தவரும் அதில் இருந்தார்களா?

தெற்கு விரிவாக்கம் எழுதியது:

முதல் பதிலில் எனக்கு உடன்பாடில்லாத இடத்தைத் தொட்டே வாசகி கேட்டிருக்கிறார். பிரைமரி மக்களுக்குக் கதவைத் திறந்தது என்பது விஸ்கான்சினுக்கும் கலிபோர்னியாவுக்கும் பொருந்தலாம். தென்மாநிலங்களில் அதே பிரைமரி கதவை அடைக்கப் பயன்பட்டது.

மிசிசிப்பி 1890 அரசமைப்பில் தலைக்கு 2 டாலர் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் கொண்டுவந்து கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. லூசியானாவில் 1896இல் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 130,334 பேர், 1900இல் 5,320, 1904இல் 1,342. மீதமிருந்தவர்களையும் வெளியே நிறுத்தியது வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் பிரைமரி. தெற்கில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே ஏறக்குறைய எப்போதும் வென்றதால், பிரைமரிதான் உண்மையான தேர்தல். நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மிசிசிப்பியில் 1903இல் நடந்த முதல் பிரைமரியின் வழியாக ஆளுநரானவர் ஜேம்ஸ் வார்டமன்; இனவெறியைப் பச்சையாகப் பேசியே வாக்குத் திரட்டியவர். ஜார்ஜியாவில் 1906இல் ஹோக் ஸ்மித்தும் கிளார்க் ஹவலும் மோதினார்கள். அட்லாண்டாவின் இரு பெரிய நாளிதழ்களோடு தொடர்புடைய இவ்விருவரும் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை யார் திறம்பட ஒழிப்பார்கள் என்பதையே பிரசாரமாக்கினார்கள். ஸ்மித் ஆகஸ்டில் வென்றார். செப்டம்பரில் அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. வெள்ளையர் பிரைமரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது 1944இல்தான்.

எனவே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வாக்கியத்தை எழுதும்போது, எந்த மக்கள் என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. நாம் 1949இல் பேசியது வயதுவந்தோர் அனைவரின் வாக்குரிமையை. இந்த வகையில் நம்முடைய கைவிடப்பட்ட வரைவு அவர்களுடைய நடைமுறையைவிட மேலானது.

பெண்களைப் பொறுத்தவரை, வயோமிங் 1869 முதலே வாக்குரிமை கொடுத்திருந்தது. நாடு முழுவதும் 1920இல் வந்தது. 1924 நவம்பர் 4 அன்று ஒரே நாளில் இரண்டு பெண்கள் ஆளுநர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வயோமிங்கில் நெல்லி டெய்லோ ராஸ், அக்டோபர் 2 அன்று இறந்துபோன ஆளுநரான தம் கணவரின் எஞ்சிய காலத்துக்கு நிறுத்தப்பட்டு, ஊர் ஊராகப் பிரசாரம் செய்யாமலே வென்றார். டெக்சாசில் மிரியம் ஃபெர்குசன், 1917இல் பதவி பறிக்கப்பட்ட தம் கணவர் ஜேம்ஸ் ஃபெர்குசனுக்குப் பதிலாக நின்றார்; ஒருவர் விலையில் இரண்டு ஆளுநர்கள் என்பதே அவர்களுடைய பிரசாரம். நம் ஊர் அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது. ராஸ் 1925 ஜனவரி 5 அன்று பதவியேற்றார். மிரியம் பதினைந்து நாள்களுக்குப் பிறகு. அதனால் முதல் பெண் ஆளுநர் என்ற பெயர் ராஸுக்குப் போயிற்று.

பழைய ராஜிந்தர் நகர் எழுதியது:

தெற்கைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். வடக்கைப் பார்த்து எழுதிவிட்டு, நாடு முழுவதற்கும் பொருந்துவது போன்ற தொனியில் முடித்தது என் பிழை. பிரைமரி வந்த இடத்திலெல்லாம் நிலைக்கவும் இல்லை. நியூயார்க் 1913இல் அதைக் கொண்டுவந்து, 1921இல் மாநில அளவிலான பதவிகளுக்கு மறுபடி மாநாட்டுக்கே திரும்பிவிட்டது.

வென்றவரை இறக்குவதைப் பற்றி வாசகி கேட்டிருந்தார். இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். நியூயார்க்கில் 1912இல் டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் ஆதரவோடு வென்ற வில்லியம் சல்சர், வில்சனைப் போலவே அதை எதிர்க்கத் துணிந்தார். ஆனால் வில்சனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இவருக்கு இல்லை. தேர்தல் நன்கொடைக் கணக்கைப் பொய்யாகக் காட்டினார் என்ற விவரத்தைத் தோண்டியெடுத்துச் சட்டமன்றம் குற்றம் சாட்டியது; மாநில செனட்டர்களும் உயர் நீதிபதிகளும் அடங்கிய நீதிமன்றம் 1913 அக்டோபரில் அவரைப் பதவி நீக்கியது. கணக்கு பொய் என்பது உண்மை. கணக்கைத் தேட வைத்தது நேர்மையன்று என்பதும் உண்மை.

வடக்கு டகோட்டாவில் இறக்கியவர்கள் மக்களே. கோதுமை வியாபாரிகளாலும் வங்கிகளாலும் நொந்துபோன விவசாயிகள் கட்சிசார்பற்ற கூட்டணி என்ற அமைப்பைக் கட்டி, குடியரசுக் கட்சியின் பிரைமரிக்குள் புகுந்து, லின் ஃபிரேசியர் என்ற விவசாயியை 1916இல் ஆளுநராக்கினார்கள். அரசே நடத்தும் வங்கி 1919இல் உருவாயிற்று. பிறகு விளைபொருள் விலை சரிந்தது, பண முடை வந்தது, கூட்டணிக்குள் பிணக்கு வந்தது. 1921 அக்டோபர் 28 அன்று நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில் சுமார் 4,000 வாக்குகளில் அவர் பதவி இழந்தார். அமெரிக்காவில் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் ஆளுநர் அவர். அதே வாக்குச்சீட்டில் அவருடைய திட்டங்களைக் கலைக்கும் முன்மொழிவுகளும் இருந்தன. மக்கள் அவற்றை நிராகரித்தார்கள். அந்த வங்கி இன்றும் இயங்குகிறது. ஃபிரேசியரோ அடுத்த ஆண்டே செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முனீர்கா வாசகி எழுதியது:

வரும் ஞாயிறுக்கு இதுவே போதும். என் குறிப்பேட்டில் 'ஆளுநர்' என்று எழுதிய இடங்களில், அமெரிக்கரைக் குறிக்கும்போது பக்கத்தில் 'மு' என்று முதலமைச்சரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டேன். கூட்டத்தில் குழப்பம் வராது. மயூர் விகார் ஐயாவிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். ஓராண்டு ஆண்டுவிட்டு வெளியேறிய அரிசோனாவின் கேம்பலுக்குச் சம்பளம் கொடுத்தார்களா?

மயூர் விகார் வழக்குரைஞர் எழுதியது:

கொடுக்கவில்லை, அம்மா. அந்த ஓராண்டு முழுவதும் சம்பளமின்றியே ஆண்டிருக்கிறார். ஆனால் 1918 தேர்தலில் மறுபடியும் நின்று வென்றார், 1920இலும் வென்றார்.